இலஞ்சியில் வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த வரிசையை மறக்காதீங்க!

ஜூன் பிறந்தா போதும், மொபைல்ல வரிசையா ரீல்ஸ் வர ஆரம்பிச்சிடும். பின்னணியில மேற்குத் தொடர்ச்சி மலை, அதுக்குக் கீழ பச்சை வயல், முன்னாடி கலர் கொடி நட்ட மனைகள். 'குற்றாலத்துக்கு மிக அருகில்... மலை வியூ... இன்னும் சில மனைகளே உள்ளன!' சாரல்ல நனைஞ்சுட்டு, பார்டர் புரோட்டா சாப்பிட்டுட்டு, கார்ல திரும்பும்போது 'நமக்கும் இங்க ஒரு வீடு இருந்தா எப்படி இருக்கும்?'னு தோணாத ஆளே இருக்க முடியாது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற இலஞ்சிக்கு இந்த ஆசைப் பட்டியல்ல தனி இடம். சிற்றாறு, வயல், குமாரர் கோயில், கூப்பிடு தூரத்துல அருவிகள். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ அலுவலகம் இருக்கு. 'ஊர்லயே இருந்து வேலை பார்க்கலாம்'ங்கிற எண்ணமும் இளைஞர்கள்கிட்ட வந்தாச்சு. அதனால வாங்க வர்றவங்களும் இருக்காங்க. பூர்வீக வீட்டை விற்க நினைக்கிறவங்களும் இருக்காங்க.

ரெண்டு தரப்புக்கும் பிரச்னை பெரும்பாலும் ஒரே இடத்துலதான் தொடங்குது. அது பத்திரப்பதிவு நாள் இல்லை, அட்வான்ஸ் கொடுக்கிற நாள். பார்க்க வேண்டியதையெல்லாம் அதுக்கு முன்னாடி பார்த்துட்டா பாதி தலைவலி இல்லை. எதை, எந்த வரிசையில பார்க்கணும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஏன் அட்வான்ஸுக்கு முன்னாடி?

'ஒரு டோக்கன் அட்வான்ஸ் போட்டுருங்க, டாக்குமென்ட்டை அப்புறம் நிதானமா பார்க்கலாம்.' புரோக்கர்கள் அடிக்கடி சொல்ற வாக்கியம் இது. பணம் கை மாறாத வரைக்கும், 'தாய்ப் பத்திரத்தைக் காட்டுங்க'ன்னு நீங்க கேட்டா விற்கிறவர் தேடி எடுத்துக் கொடுப்பார். பணம் கை மாறின பிறகு அதே கேள்வி, 'என்ன சார், நம்பிக்கை இல்லையா?'ன்னு வருத்தமா திரும்பி வரும். ஏதாவது கோளாறு தெரிஞ்சு நீங்க விலகினா, கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க அலையணும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. 'ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சிட்டா சொத்து நம்மளுதுதானே?' இல்லை. சார்பதிவாளர் பதியறது ஆவணத்தை. எழுதிக் கொடுக்கிறவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கானு தீர்ப்பு சொல்றது அவர் வேலை இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செஞ்ச வழக்குல, 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லியிருக்கு. உரிமையைச் சரிபார்க்கிற பொறுப்பு வாங்குற உங்களோடது.

முதல் நாள்: மொபைல்லயே முடிக்கலாம்

விற்கிறவர்கிட்ட நாலு விவரம் மட்டும் கேளுங்க. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண். இதைச் சொல்லத் தயங்கினா, அந்த இடத்தை அங்கேயே விட்டுடலாம்.

*பட்டா, சிட்டா:* தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளத்துல பார்க்கலாம். விற்கிறவர் பெயர்லதான் பட்டா இருக்கா, தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டான்னா அதுல இருக்கிற மத்தவங்க எங்க? நிலம் நன்செய்யா, புன்செய்யா? இந்த மூணு கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைக்கான முழு ஆதாரம் ஆகாது. பத்திரமும் பட்டாவும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்.

*அ பதிவேடு:* இது பலர் பார்க்காத ஆவணம். ஆனா ரொம்ப முக்கியம். அந்த சர்வே எண் தனியார் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமான்னு இதுல தெரியும். ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பூமிதான நிலம் இதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தாலும் உங்க கையில நிற்காது.

*புல வரைபடம்:* எஃப்.எம்.பி-னு சொல்வாங்க. நிலத்தோட வடிவமும் அளவும் இதுல இருக்கும். பாதையும் வாய்க்காலும் எங்க போகுதுன்னும் பார்த்துக்கலாம்.

*வில்லங்கச் சான்று:* பதிவுத்துறை இணையதளத்துல இலவசமா பார்க்கலாம். குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. ஆன்லைன்ல கிடைக்காத பழைய வருஷங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்துல மனு கொடுத்து வாங்கிடலாம்.

*வழிகாட்டி மதிப்பு:* அதே பதிவுத்துறை தளத்துல தெரு வாரியா, சர்வே எண் வாரியா இருக்கும். பத்திரச் செலவைக் கணக்குப் போட இது தேவை.

இவ்வளவும் ஒரு மாலை நேர வேலை. செலவு, டேட்டா மட்டும்தான்.

இ.சி 'க்ளீன்'னா எல்லாம் க்ளீனா?

வில்லங்கச் சான்றுல எதுவும் இல்லைன்னா நிம்மதிப் பெருமூச்சு விடறவங்கதான் அதிகம். ஆனா இ.சி-ல பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். வாய்மொழியா நடந்த பாகப்பிரிவினை, பதியாத உயில், பதியாத பழைய ஒப்பந்தம், அப்பா காலமானதால பிள்ளைகளுக்கு வந்த பங்கு... இது எதுவும் அதுல தெரியாது. சொத்து வரி பாக்கி, கரன்ட் பில் பாக்கி கூட தெரியாது.

இன்னொரு பொறி, சர்வே எண். 1980-களில் நடந்த 'யூ.டி.ஆர்' எனப்படும் நிலப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துல பல இடங்கள்ல எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கு. பழைய பத்திரத்துல ஒரு எண், இப்போதைய பட்டாவுல வேற எண் இருந்தா, ரெண்டுக்கும் இ.சி போடணும். ஒரு எண்ணுக்கு மட்டும் போட்டா சான்று சுத்தமாத்தான் வரும். வில்லங்கம் இன்னொரு எண்ல உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கு. பக்கத்துல இருக்கிற செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோட இருந்த ஊர். அந்தப் பக்கம் இடம் பார்த்தீங்கன்னா, தாய்ப் பத்திரங்கள்ல கொல்லம் ஆண்டும் மலையாள எழுத்தும் எட்டிப் பார்க்கலாம். அதைப் படிச்சுச் சொல்ல உள்ளூர்ல அனுபவம் உள்ள வழக்கறிஞர் வேணும். சென்னையில இருக்கிற உங்க நண்பரோட வக்கீல் போதாது.

சட்டக் கருத்துக்கு வழக்கறிஞர் ஃபீஸ் சில ஆயிரங்கள் ஆகும். வாழ்நாள் சேமிப்பைப் போடப் போற இடத்துல இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். விற்கிறவரோ புரோக்கரோ காட்டற வக்கீல் வேண்டாம். நீங்களே பார்த்துப் பிடிங்க.

வயலா, மனையா?

'இலஞ்சி'ங்கிற சொல்லுக்கு நீர்நிலைன்னு ஒரு பொருள் உண்டு. பெயருக்கு ஏத்த ஊர்தான். வாய்க்கால் பாயற நெல்வயல்கள்தான் இந்த ஊரோட அழகு. மனை வாங்கறவங்க கவனமா இருக்க வேண்டிய காரணமும் அதுவேதான்.

நன்செய் நிலத்தை வீட்டு மனையா மாத்த தனி அனுமதி வேணும். கல் நட்டு, செம்மண் ரோடு போட்டுட்டா வயல் மனை ஆகிடாது. டி.டி.சி.பி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட ஒப்புதல் எண் இருக்கணும். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'ன்னு சொன்னா உஷாராகிடுங்க. உள்ளாட்சி அமைப்பு தனியா மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்க முடியாது.

2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான பிரிவுகளுக்குத்தான் அது. அதனால 'பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்'னு யாராவது சொன்னா, அந்த மனை எந்த வருஷத்துலருந்து இருக்குன்னு பத்திரத்தைக் கேளுங்க.

500 சதுர மீட்டருக்கு மேல, இல்லைனா எட்டு வீடுகள் அல்லது மனைகளுக்கு மேல இருக்கிற திட்டங்கள் ரெராவுல பதிவு செஞ்சிருக்கணும். தமிழ்நாடு ரெரா இணையதளத்துல பதிவு எண்ணைப் போட்டா, அனுமதி பெற்ற வரைபடமே கிடைக்கும். ரீல்ஸ்ல காட்டற பூங்கா அந்த வரைபடத்துல இருக்கானு பாருங்க. ரெரா திட்டங்கள்ல ஒப்பந்தம் பதியாம 10 சதவிகிதத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது. இதுவும் சட்டம்.

மலையடிவாரத்துல இடம் பார்க்கறவங்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கு. தமிழ்நாட்டுல மலையோரக் கிராமங்கள் பலது 'ஹாகா'ன்னு சொல்லப்படற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தோட பட்டியல்ல இருக்கு. அங்க மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் கூடுதல் அனுமதி வேணும். நீங்க வாங்கற கிராமம் அந்தப் பட்டியல்ல வருதான்னு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துல கேட்டுடுங்க.

வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஒட்டின நிலம்னா புல வரைபடத்தை வச்சு அளந்து பார்க்காம நகராதீங்க. நீர்நிலைப் புறம்போக்கு ஒரு அடி உள்ள வந்தாலும் அது உங்களுது இல்லை. 2007-ல் வந்த குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வீடு கட்டி எத்தனை வருஷம் ஆச்சுன்னு பார்க்காது.

பழைய வீட்டுக்கு வேற கணக்கு

ஓட்டு வீடு, நடுவுல முற்றம், தேக்குக் கதவு. பார்த்தவுடனே விலை பேசத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

பழைய தெரு வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தம் நிலத்துல இருக்கும். அதுக்கு நத்தம் பட்டா தனியா உண்டு, அதைக் கேட்டு வாங்குங்க. கோயிலைச் சுத்தின தெருக்கள்ல 'அடிமனை' யாருதுன்னு கேளுங்க. கட்டடம் ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கும், அடியில இருக்கிற மண் கோயிலோடதா இருக்கும். அப்படி இருந்தா நீங்க வாங்கறது சுவரும் கூரையும் மட்டும்தான். வருஷா வருஷம் வாடகை கட்டணும், பேங்க் லோனும் கஷ்டம். இந்து சமய அறநிலையத்துறை அனுமதி இல்லாம கோயில் நிலத்தை விற்கிறது 1959-ம் ஆண்டு சட்டப்படி செல்லாது.

தெருவோட ஒட்டின வீடுகள்ல பொதுச்சுவர் வழக்கம். மாடி எடுக்கும்போதுதான் பக்கத்து வீட்டோட சண்டை வரும். சுவர் யாருது, கிணத்துல எத்தனை பங்கு, கொல்லைப்புறம் போக நடைபாதை உரிமை இருக்கா? இதெல்லாம் பத்திரத்துல எழுதியிருக்கணும். 'எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான் போறோம்'ங்கிறது உங்களுக்கு உதவாது.

கையெழுத்து போடாத அக்கா

பழைய வீடு வாங்கறதுல பெரிய சிக்கல் எங்கிருந்து வருது தெரியுமா? சுவர் விரிசல்ல இல்லை, குடும்பத்துல. அதனால இதை வாங்கறவங்க, விற்கிறவங்க ரெண்டு பேருமே முழுசா படிக்கணும்.

அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின வீடு. உயில் எழுதாம காலமாகிட்டார். அம்மா, ரெண்டு மகன், ரெண்டு மகள் இருக்காங்க. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அஞ்சு பேருக்கும் சம பங்கு. அப்பாவோட அம்மா, அதாவது ஆச்சி உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. 'அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு இதுல என்ன?'ன்னு ஊர்ல சொல்லுவாங்க. சட்டத்துல அப்படி ஒரு கணக்கு இல்லை. கல்யாணச் செலவு பங்குக்கு ஈடாகாது.

பூர்வீகச் சொத்துலயும் இதே கதைதான். மகள்களுக்குச் சம உரிமை கொடுத்து தமிழ்நாடு 1989-லயே சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அப்போ ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்த பெண்கள் விடுபட்டிருந்தாங்க. 2005-ல் நாடு முழுக்க வந்த திருத்தத்துல அந்தப் பாகுபாடும் போயிடுச்சு. 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை பிறப்பாலயே வருது, 2005-ல் அப்பா உயிரோட இருந்திருக்கணும்கிற அவசியம் இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே முறையா பிரிச்சு முடிச்ச சொத்துகளை மட்டும் இது கிளறாது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அவங்கவங்க வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதுலயும் மகள்களுக்குப் பங்கு உண்டு.

அதனால வாங்கறவங்க தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்க. அதுல இருக்கிற ஒவ்வொரு பெயரும் ஒண்ணு, கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். இல்லைனா, முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கணும். 'அக்கா மும்பையில இருக்கா, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா'ங்கிற வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அந்த அக்காகிட்டயே ஒரு வீடியோ காலாவது பேசிடுங்க. வாரிசுல மைனர் யாராவது இருந்தா, அவங்க பங்கை விற்கறதுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வக்கீலைக் கேளுங்க.

விற்கிறவங்களே, இது உங்களுக்கு. அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி உடன்பிறப்புகளை உட்கார வச்சுப் பேசுங்க. குடும்பத்துக்குள்ள எழுதற விடுதலைப் பத்திரத்துக்குச் செலவு கம்மிதான். முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் ரூ.40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் ரூ.10,000. ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்கின பிறகு தங்கச்சி மறுத்தா, நிலைமையே வேற. 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 'ஒப்பந்தப்படி எழுதிக் கொடு'ன்னு வாங்கறவர் நீதிமன்றம் போனா, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு நழுவறது சுலபம் இல்லை. ஒரு பக்கம் கோர்ட், இன்னொரு பக்கம் பேச்சு நின்னுபோன தங்கச்சி. ரெண்டுமே வேண்டாம்.

வெளிநாட்டுல இருக்கிற ஓனருக்காக பவர் ஏஜென்ட் விற்கிறதும் இந்தப் பகுதியில சகஜம். பவர் பத்திரத்தால சொத்து கை மாறாதுன்னு 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பவர் வச்சிருக்கிறவர் ஓனர் சார்பா முறையான கிரயப் பத்திரம் எழுதித் தரணும். பவர் ரத்தாகலை, ஓனர் உயிரோட இருக்கார்னு உறுதி பண்ணிக்கோங்க. பொதுவா ஓனர் காலமாயிட்டா பவரும் காலாவதி. இங்கேயும் அந்த வீடியோ கால் உதவும்.

ரெண்டு தடவை போங்க

ஏப்ரல்ல பார்த்த வீடு வேற, ஆடியில பார்க்கிற வீடு வேற. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்துல ஓடு நகரும், தகரம் பறக்கும். சாரல் வாரக்கணக்கா விடாது. மேற்குச் சுவர்ல ஓதம் ஏறும், அலமாரித் துணியில பூஞ்சை வரும், மரச் சட்டத்துல கரையான் ஏறும். வெள்ளையடிச்சுப் பளபளன்னு இருக்கிற வீட்டுல இது எதுவுமே வெயில் காலத்துல தெரியாது.

மனைக்கும் இது பொருந்தும். கோடையில கட்டாந்தரையா இருந்த இடம், கார் சாகுபடிக்குத் தண்ணி திறந்ததும் முழங்கால் அளவு சேறா இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில, அக்டோபர் நவம்பர்ல, தண்ணி எங்க நிக்குதுன்னு பக்கத்து வயல்காரரைக் கேளுங்க. அவருக்குத் தெரியாத வரைபடம் இல்லை. காத்திருக்க முடியாதுன்னா, ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய்ச் சுவரையும் அஸ்திவாரத்தையும் காட்டுங்க. அவர் ஒரு நாள் சம்பளம் உங்களுக்கு லாபம்தான்.

'சீசன்ல வாடகையே அள்ளலாம்'

ஹோம்ஸ்டே கனவோட வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சீசன் முக்கியமா ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதுலயும் கூட்டம் பெரும்பாலும் வார இறுதியிலதான். அருவியில வெள்ளம் வந்தா குளிக்கத் தடை. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தர் உயிரிழந்தார். அந்த மாதிரி நேரத்துல வெளியூர்க்காரங்க வர மாட்டாங்க. சாரலே ஏமாத்தற வருஷமும் உண்டு.

அதனால வருஷம் முழுக்க வாடகை வரும்னு வச்சு இ.எம்.ஐ கணக்குப் போடாதீங்க. வாடகை ஒரு ரூபா வரலைன்னாலும் உங்க சம்பளத்துல இ.எம்.ஐ கட்ட முடியுமா? முடியும்னா வாங்குங்க. விருந்தினர் தங்கற வீட்டுக்கு மின்கட்டண வகையும் வரியும் மாறும், அதையும் சேர்த்துப் பாருங்க.

கைக்காசு எவ்வளவு வேணும்?

30 லட்ச ரூபாய் வீடுன்னு வச்சுக்குவோம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்புல அதிகபட்சம் 90% வரை வங்கி கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. பழைய வீடு, சிற்றூர்னா வங்கியோட மதிப்பீடு நீங்க பேசின விலையைவிடக் குறைவா வர்றது சகஜம். சரி, முழு 90% கிடைக்குதுன்னே வச்சுப்போம்.

- உங்க பங்கு 10%: ரூ.3 லட்சம்
- முத்திரைத் தீர்வை 7% (சொத்து மாற்ற வரி உட்பட): ரூ.2.1 லட்சம்
- பதிவுக் கட்டணம் 2%: ரூ.60,000

ஆக, ரூ.5.7 லட்சம் கைக்காசு. இந்த 9 சதவிகிதத்தை வங்கி பொதுவா கடன்ல சேர்க்காது. வழக்கறிஞர், ஆவண எழுத்தர், புரோக்கர் கமிஷன், ரிப்பேர் எல்லாம் இதுக்கு மேல. விலை, வழிகாட்டி மதிப்பு ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் தீர்வை. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயர்ல பதிஞ்சா, 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்துல 1% சலுகை இருக்கு. சின்ன மனை வாங்கறவங்க இதைப் பயன்படுத்திக்கலாம்.

'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' பேச்சு வந்தா மறுத்துடுங்க. சொத்து விற்பனையில ரூ.20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகைக்குச் சமமான அபராதம் விற்கிறவருக்கு வரலாம். வாங்கறவருக்கும் நஷ்டம்தான். பத்திரத்துல குறைச்சுக் காட்டின விலைக்கு மேல கடன் கிடைக்காது. நாளைக்கு விற்கும்போது லாபம் அதிகமாத் தெரிஞ்சு வரியும் கூடும்.

விற்கிறவங்க வரிக் கணக்கு

ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்த வீட்டை வித்தா, அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் வரி 12.5%. அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின சொத்தா இருந்து, நீங்க இந்தியாவுல வசிக்கிறவரா இருந்தா, பணவீக்கத்தைக் கழிச்சுட்டு 20% கட்டற பழைய முறையையும் ஒப்பிட்டு, எது கம்மியோ அதைக் கட்டலாம். ஆதாயத்தை ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கவோ, மூணு வருஷத்துக்குள்ள கட்டவோ போட்டா வரிவிலக்கும் உண்டு. விற்கறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பார்த்துடுங்க.

விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா, வாங்கறவர் 1% டி.டி.எஸ் பிடிச்சுக் கட்டணும். விற்கிறவர் என்.ஆர்.ஐ-னா இந்த 1% கணக்கு பொருந்தாது, விகிதம் ரொம்ப அதிகம். துபாய் மாமா வீட்டை வாங்கறீங்கன்னா இதை மறந்துடாதீங்க. பிடிக்காம விட்டா வரித்துறை உங்களைத்தான் கேட்கும்.

இப்போ அட்வான்ஸ் கொடுக்கலாம்

எல்லாம் சரியா இருக்கா? இப்போ விற்பனை ஒப்பந்தம். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் முதல் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யறது கட்டாயம். பதிஞ்சா இ.சி-ல ஏறிடும், அதே வீட்டை இன்னொருத்தருக்கு விற்கிறது கஷ்டம். மொத்த விலை, முன்பணம், பாக்கி கட்டற தேதி, விற்கிறவர் தீர்க்க வேண்டிய கடன், பட்டா வேலைகள், வங்கிக் கடன் கிடைக்கலைன்னா முன்பணம் என்ன ஆகும்... எல்லாத்தையும் எழுதுங்க. பணம் வங்கி வழியாவே போகட்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்க ஒரு சின்னப் பட்டியல்:

1. சர்வே எண், பட்டா எண் வாங்குங்க.
2. பட்டா, அ பதிவேடு, புல வரைபடம் பாருங்க.
3. 30 வருஷ இ.சி, பழைய எண் புது எண் ரெண்டுக்கும் போடுங்க.
4. மனைன்னா டி.டி.சி.பி, ரெரா எண்ணைச் சரிபாருங்க.
5. வாரிசுச் சான்றிதழ்ல இருக்கிற எல்லார்கிட்டயும் பேசுங்க.
6. சர்வேயரை வச்சு நாலு எல்லையும் அளந்துடுங்க.
7. மழையில ஒரு தடவை, வெயில்ல ஒரு தடவை நேர்ல போங்க.
8. உங்க வக்கீலோட எழுத்துபூர்வ கருத்து வாங்குங்க.
9. அதுக்கப்புறம் ஒப்பந்தம், பதிவு, அட்வான்ஸ்.

பத்திரம் பதிஞ்ச பிறகும் வேலை இருக்கு. பட்டா பெயர் மாறிடுச்சான்னு பாருங்க. உட்பிரிவு தேவையில்லாத சொத்துன்னா தானாகவே மாறும். உட்பிரிவு செய்யணும்னா சர்வேயர் வந்து அளக்கணும். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாத்தையும் உங்க பெயருக்கு மாத்திடுங்க.

'இத்தனையும் பார்த்துட்டு இருந்தா வேற யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க'ன்னு புரோக்கர் அண்ணாச்சி சொல்வார். போகட்டும். சாரல் அடுத்த வருஷமும் வரும், வேற வீடும் வரும். சேர்த்து வச்ச பணம் மாட்டிக்கிட்டா, அது அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.